பயிற்சியில் வருகிறது, மேட்சில் வருவதில்லை, ஏன்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். கோத்தகிரி பக்கத்தில் ஓர் ஊரில், எஸ்டேட் வேலை முடிந்த பிறகு, 12 முதல் 15 வயதுவரை உள்ள 16 பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லித்தருகிறீர்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். சொந்தக் காசில் 20 கோன் (பயிற்சிக்குத் தரையில் வைக்கும் பிளாஸ்டிக் கூம்பு) வாங்கியிருக்கிறீர்கள். கோன் வரிசையில் பந்தை வளைத்து வளைத்து அழகாகக் கொண்டுவருகிறார்கள். மேட்சில் எதிரே ஒருத்தன் வந்து நின்றால் பந்து போய்விடுகிறது. "இன்னும் எத்தனை முறை செய்யவைத்தால் கால் பழகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எத்தனை முறை என்பதில் கோளாறு இல்லை. எதைப் பழக்குகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. உங்கள் பையன்கள் கோனைத் தாண்டுவதை நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். மேட்சில்தான் கோன் கிடையாதே.

மைதானத்தில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவனை நேராகக் கூட்டிவந்து மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில் விட்டால் என்ன ஆகும்? பதினாலு கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் இறங்குகிறது, ஓரத்தில் குரங்கு, பர்லியாறு தாண்டினால் மழை. அவனுக்கு ஹேண்டிலைத் திருப்பத் தெரியாமல் இல்லை. எப்போது, எதைப் பார்த்து, எவ்வளவு திருப்புவது என்பதுதான் தெரியாது. எட்டு போடும்போது அதை யாரும் கேட்கவே இல்லை.

டிரிபிளிங்கும், அதாவது பந்தைக் காலோடு தட்டிக்கொண்டே எதிராளியைத் தாண்டிப் போவதும், அப்படித்தான். எதிராளியைத் தாண்டுகிறவன் அவன் இடுப்பைப் பார்க்கிறான். எடை எந்தக் காலில் இருக்கிறது, அவன் இன்னும் ஓர் அடி நெருங்கட்டுமா, பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறான். அந்தப் பார்வைதான் காலை அசைக்கிறது. கோனுக்கு இடுப்பு கிடையாது, எடை மாற்றவும் தெரியாது. அது சொல்லித்தருவது ஒன்றே ஒன்று: தலையைக் குனிந்து பந்தைப் பார். மேட்சில் உங்கள் பையன்கள் செய்வதும் அதையேதான். கற்றுக்கொடுத்ததைச் செய்கிறார்கள், பாவம்.

இதை நான் ஏதோ புத்திசாலித்தனமாகக் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதீர்கள். பல வருடம் நானும் கோன் வைத்தவன்தான். ஒருமுறை ஆறு மாதம் இப்படியே பழக்கி, ஒரு டீமைக் கோவையில் ஒரு டோர்னமெண்டுக்குக் கூட்டிப்போனேன். 5–0. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பயல்கூட வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் உடல் அசைவை மனிதன் எப்படிக் கற்கிறான் என்று படிக்க ஆரம்பித்தேன்.

அப்படிப் படித்ததில் என்னை உலுக்கியது நிக்கோலாய் பெர்ன்ஸ்டீன் என்ற ரஷ்யரின் வேலை. 1920-களில் மாஸ்கோவில் தொழிலாளர் வேலை முறையை ஆராயும் ஒரு மத்திய நிறுவனம் இருந்தது. அங்கே உளியைச் சுத்தியலால் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளிகளின் கையில் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டி, அடிக்கு அடி படம் எடுத்தார். தேர்ந்தவன் ஒவ்வொரு முறையும் கையை ஒரே மாதிரி அசைப்பான் என்றுதானே நினைப்போம்? படத்தில் அப்படி இல்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அடிக்கு அடி கொஞ்சம் கொஞ்சம் மாறின. மாறாமல் வந்து விழுந்தது சுத்தியலின் தலை மட்டும். ஒரு மூட்டில் வந்த விலகலை இன்னொரு மூட்டு ஈடுகட்டியது. பழக்கம் என்றால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது இல்லை, ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். புதிதாக வேலைக்கு வந்த பெண் தன் விரலையே பார்த்துக்கொண்டு பறிப்பாள். அம்மா பக்கத்து நிரையில் இருப்பவரோடு கதை பேசிக்கொண்டே பறிப்பார். கை இந்தச் செடியில் இருக்கும், கண் அடுத்த செடியில் இருக்கும். ஒரு செடி உயரம், ஒரு செடி தாழ்வு, கீழே சரிவு, மழையில் இலை வழுக்கும். எந்த இரண்டு கிள்ளலும் ஒன்றுபோல இருக்காது. ஆனால் கூடையைப் பார்த்தால் ரெண்டு இலை ஒரு மொட்டு, ரெண்டு இலை ஒரு மொட்டு. "கட்டைவிரலை இப்படி வை, மணிக்கட்டை அப்படி மடக்கு" என்று அவருக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. மேஸ்திரி கூடையில் கையை விட்டுப் பார்த்து, "முத்தின இலை வருது பாரு" என்பார். அவ்வளவுதான்.

அந்த மேஸ்திரி பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் விரலைப் பற்றிப் பேசவே இல்லை, இலையைப் பற்றிப் பேசினார். ஆய்வாளர்கள் இதைத் தனியாகச் சோதித்திருக்கிறார்கள். 1998-ல் காப்ரியேலே வூல்ஃபும் உடன் இருந்தவர்களும் பனிச்சறுக்குப் பயிற்சி எந்திரம் ஒன்றில் ஆட்களை ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்திடம் பாதத்தில் கவனம் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்திடம் பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரத்தில் கவனம் வைக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவே சில அங்குலம்தான் தூரம். ஆனாலும் சக்கரத்தைக் கவனித்தவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். உடம்பைவிட, உடம்பு வெளியே உண்டாக்கும் விளைவில் கவனம் இருந்தால் அசைவு தானாக ஒழுங்காகிறது. அதற்கப்புறம் பல விளையாட்டுகளில் இதே மாதிரி முடிவுகள் வந்திருக்கின்றன.

நான் கெடுத்த கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடது காலில் அற்புதமாக அடிக்கும் ஒரு பையன் என்னிடம் வந்தான். சாயங்காலம் மிஸ்ட் இறங்கி, எதிர் கோல் போஸ்ட்டே மங்கலாகத் தெரிகிற நேரம். எனக்கு அவனை இன்னும் சரிசெய்ய ஆசை. "ஊன்றுகிற கால் பந்துக்குப் பக்கத்தில். கணுக்காலைப் பூட்டு. முழங்கால் பந்துக்கு மேலே. உடம்பைச் சாய்க்காதே. அடித்த பிறகு காலை நிறுத்தாதே." ஒவ்வொன்றும் சரியான விஷயம்தான். பத்து நிமிடத்தில் பந்து தேயிலைக்குள் போக ஆரம்பித்தது. அவன் இரண்டு அடி பின்னால் போய், தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "சார், முதல்ல எந்தக் காலை நெனைக்கணும்?"

அடிப்பது எப்படி என்று அவனை யோசிக்கவைத்துவிட்டேன். ரிச் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1992-ல் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் வேலையை வைத்து இதைக் காட்டினார். விதிகளை விலாவாரியாகக் கேட்டுக் கற்றவர்கள் நெருக்கடி வந்ததும் தடுமாறினார்கள். விதி தெரியாமல் கற்றவர்கள் அவ்வளவு ஆட்டம் காணவில்லை. பதற்றத்தில் மனம் அந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் போய்விடுகிறது. பெனால்டி அடிக்கப் போகிறவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், எவன் வலையைப் பார்க்கிறான், எவன் தன் கணுக்காலைப் பார்க்கிறான் என்று.

இப்போது நான் சொல்வதெல்லாம் மேஸ்திரி பாணிதான். பந்தை வாங்கி நிறுத்தக் கற்றுத்தரும்போது "பாதத்தைப் பின்னால் இழு" என்பதற்குப் பதிலாக "சத்தம் கேட்கக்கூடாது" என்கிறேன். தடார் என்று கேட்டால் அவனுக்கே தெரிந்துவிடும். சின்னப் பையன்களுக்கு "முட்டை வருது, உடையாம வாங்கு" என்றால் போதும். பந்தை உயர்த்தி அனுப்ப "பந்துக்கு அடியில் காலை விடு" என்று சொல்ல மாட்டேன், "அவன் தலைக்கு மேல போகட்டும், அந்தச் சில்வர் ஓக் மரத்துக்கு முன்னாடி விழணும்" என்பேன். கால் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்கிறது. அப்படிப் பார்த்துக்கொள்ளாதபோது மட்டும்தான் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன்.

பேசுவதைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரோலி வின்ஸ்டீனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் 1990-ல் ஒன்று காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் "இவ்வளவு தப்பு" என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களைவிட, பாதி முறை மட்டும் சொல்லப்பட்டவர்கள், பிறகு யாரும் எதுவும் சொல்லாமல் சோதித்தபோது நன்றாகச் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் சொன்னால், பையன் தன் காலை நம்பமாட்டான், உங்கள் வாயை நம்புவான். மேட்சில் உங்கள் வாய் கோட்டுக்கு வெளியே இருக்கும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: கொஞ்சம் தப்பினால் பேசமாட்டேன். வெகுவாகத் தப்பினால், அதுவும் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தப்பினால், கூப்பிட்டு முதலில் "என்ன பார்த்தே?" என்று கேட்பேன். "என்ன பண்ணினே" இல்லை, "என்ன பார்த்தே". பாதிப் பேர் "ஒண்ணும் பார்க்கல சார்" என்பார்கள். எங்கே வேலை இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, கோனை எடுத்துவிட்டு என்ன வைப்பது?

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 16 பேர் ஒரே வரிசை, ஓர் ஆளுக்கு 8 விநாடி என்றால், ஒருவனுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும். இருபது நிமிடத்தில் பத்துக்குள். மீதி நேரம் முன்னால் நிற்பவன் முதுகைக் கிள்ளிக்கொண்டிருப்பான். அதே பதினாறு பேரை நாலு நாலாகப் பிரித்து இரண்டு சின்ன மைதானத்தில் விட்டால், ஒவ்வொருவனுக்கும் பந்தோ பந்தைப் பற்றிய முடிவோ சில விநாடிக்கு ஒரு முறை வரும். அதிலும் எதிரே உயிருள்ள ஆள்.

கார்ல் நியூவெல் 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில், அசைவு மூன்று வகைக் கட்டுகளுக்கு நடுவே பிறக்கிறது என்றார்: ஆடுகிறவனின் உடல், சுற்றியுள்ள இடம், கொடுத்த வேலை. கோச்சின் கைக்கு எளிதாக எட்டுவது மூன்றாவது. மைதானத்தின் அகலம், ஆட்களின் எண்ணிக்கை, கோல் எங்கே, எது கணக்கில் சேரும் என்பதையெல்லாம் மாற்றினால், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமலே அசைவு மாறும்.

டிரிபிளிங்குக்கு நான் செய்வது: சுமார் எட்டு மீட்டர் அகலம், பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு சந்து. ஒருவனுக்கு ஒருவன். பந்தோடு எதிர்க் கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி. பந்தைப் பறித்தவன் இந்தப் பக்கக் கோட்டைத் தாண்டினால் அவனுக்குப் புள்ளி. அவ்வளவுதான் விதி. பலசாலி ஒருவன் வேகத்தை மட்டும் வைத்தே ஜெயித்துக்கொண்டிருந்தால் சந்தைக் குறுக்குவேன். சின்னவன் பயந்து நின்றால் அகலமாக்குவேன். பிறகு தாக்குகிறவனுக்குப் பின்னால் ஒரு துணை ஆளைச் சேர்ப்பேன். இப்போது தாண்டுவதா, பாஸ் கொடுப்பதா என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. அந்தக் கேள்வி இல்லாத டிரிபிளிங் ஃபுட்பாலே இல்லை.

ஆனால் விதி போடும்போது கவனம். ஒரு காலத்தில் "பந்தை இரண்டு தடவைக்கு மேல் தொடக்கூடாது" என்ற விதியின்மேல் எனக்குக் காதல். பாஸ் பிரமாதமாக ஓடியது, நானும் மகிழ்ந்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், எதிரே பத்து மீட்டர் காலி இடம் இருந்தாலும் எவனும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை, உடனே தட்டிவிடுகிறான். நான் போட்ட விதி நான் நினைக்காத ஒன்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்திருந்தது. இப்போது எந்த விதியையும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓட விடுவதில்லை.

வரிசையை மாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. சினா கூட், ரிச்சர்ட் மாகில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் பேட்மிண்டனில் மூன்று வகை சர்வீஸை வைத்துப் பார்த்தார்கள். ஒரே வகையைத் தொடர்ந்து அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனவர்களைவிட, மூன்றையும் கலந்து அடித்தவர்கள் பின்னால் வைத்த சோதனையில் மேலே நின்றார்கள். ஆனால் கலந்து பழகும்போது அன்றைய பயிற்சி அசிங்கமாகத்தான் தெரியும். மதில்மேல் உட்கார்ந்து பார்க்கும் அப்பாக்கள் "இந்தக் கோச்சுக்கு ஒண்ணும் தெரியல" என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்காக, பந்தை இன்றுதான் முதல்முதலில் தொடுகிறவனுக்கும் எல்லாவற்றையும் கலக்காதீர்கள். அவனுக்குக் கொஞ்ச நேரம் ஒரே வேலை நல்லதுதான். இந்தக் கலப்பின் பலன் ஆய்வுக்கூடத்தில் தெரிகிற அளவுக்கு மைதானத்தில் எப்போதும் பெரிதாகத் தெரிவதில்லை என்பதையும் மறைக்கமாட்டேன். ஆனாலும் மேட்சில் எவனும் ஒரே மாதிரி பாஸை இருபது முறை வரிசையாகக் கொடுப்பதில்லை.

"கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு, என்ன பண்றதுன்னே தெரியல" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மலையில் சரிவு இல்லாத கிரவுண்டைக் காட்டுங்கள் பார்ப்போம். சரிவு ஒரு வரம். மேலிருந்து கீழே ஆடும்போது பந்து ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் முதல் தொடுகை மெதுவாக இருக்க வேண்டும். கீழிருந்து மேலே என்றால் பாஸை இறுக்கி அடிக்க வேண்டும். குறுக்கே ஆடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். பெர்ன்ஸ்டீன் சொன்ன சிக்கலை நிலமே உங்களுக்குத் தயார்செய்து கொடுக்கிறது.

மலையை விட்டுக் கீழே சமவெளிக்கு ஆடப் போகும்போது ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். குன்னூர் உயரத்தில், சுமார் 1850 மீட்டரில், காற்றின் அடர்த்தி கோவையைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. உயர்த்தி அடித்த பந்து இங்கே தூரம் போகும், வளைவது கொஞ்சம் குறையும். அதே உதை கீழே குட்டையாக விழும். சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, பந்து இறங்கும்போது அதற்கு நேர் எதிர். இங்கே காற்றடித்த பந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது கொஞ்சம் தொய்ந்திருக்கும். விதிப்படி பந்தின் அழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்ஃபியர் வரை இருக்கலாம், எனவே பம்பைக் கையோடு எடுத்துப்போங்கள். போனதும் ஷூட்டிங் பழகாதீர்கள். கால் மணி நேரம் நீளமான பாஸ் மட்டும் அடிக்கவிடுங்கள். யாரும் விளக்கம் கொடுக்காமலே கால் புதுக் காற்றுக்கு அளவு எடுத்துக்கொள்ளும். அந்த 5–0 மேட்சில் எங்கள் பாதி பாஸ் ஆளுக்கு முன்னாலேயே விழுந்தது. அன்று எனக்கு இது தெரியாது.

13, 14 வயதில் சிலர் திடீரென்று வளர்வார்கள். நேற்றுவரை பந்து பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு இன்று கால் தடுக்கும். அவன் சோம்பேறி ஆகிவிடவில்லை, கால் நீளமாகிவிட்டது. சில மாதம் விட்டுப்பிடியுங்கள், டீமை விட்டு மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

வாரம் மூன்று நாள்தான் கிடைக்கிறது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978-ல் பிரிட்டிஷ் தபால்காரர்களுக்கு டைப்பிங் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நாலு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் வறுத்தெடுப்பதைவிட உங்கள் மூன்று ஒன்றரை மணி எவ்வளவோ மேல்.

பலன் தெரிகிறதா என்று பயிற்சி முடிகிற நேரத்தில் பார்க்காதீர்கள். அப்போது எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள். அடுத்த பயிற்சி நாளில், எதுவும் ஞாபகப்படுத்தாமல், வார்ம்-அப் முடிந்ததும் நேராக நாலுக்கு நாலு விட்டு, ஃபோனை மதில்மேல் சாய்த்துவைத்துப் பத்து நிமிடம் படம் எடுங்கள். ராத்திரி ஒரே ஒரு பையனை மட்டும் எண்ணுங்கள்: எத்தனை முறை எதிராளியை நேராக எதிர்கொண்டான், அதில் எத்தனை முறை பந்து அவனிடமே இருந்தது அல்லது நம் ஆளிடம் போனது. ஒரு நோட்டில் எழுதி, மாதத்துக்கு ஒரு முறை அதே பையனை மறுபடி எண்ணிப் பாருங்கள்.

வாங்கின கோன்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோல் போஸ்ட் இல்லை, செருப்பை வைத்துத்தான் ஆடுகிறோம் என்றீர்களே. ஒரு கோலுக்கு இரண்டு கோன். இரண்டு சின்ன மைதானத்துக்கு எட்டு போதும், மீதிப் பன்னிரண்டைச் சந்துகளுக்கு மூலைக்கு ஒன்றாக வைக்கலாம். பையன்கள் செருப்பைத் தேடிக்கொண்டு இருட்டில் நிற்கவும் வேண்டியிருக்காது.